விடையே இல்லை என்பதும் ஒரு விடைதான்... நட்சத்திரங்களின் முடிவைச் சொன்ன இரண்டாம் வரிசைச் சமன்பாடு!

கேள்வித்தாளில் ஒரு கணக்கு வந்தால், அதற்கு விடை இருந்தே தீரும் என்று நம்பித்தான் போட ஆரம்பிக்கிறோம். விடை வரவில்லை என்றால் நாம் எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்று அர்த்தம். பள்ளிக்கூடம் நமக்குப் பழக்கிவிட்ட விஷயம் இது.

ஆனால், இயற்கை கொடுக்கும் கணக்குகளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. சில கணக்குகளுக்கு ஒரே ஒரு விடை இருக்கும். சிலவற்றுக்குப் பல விடைகள் இருக்கும். சிலவற்றுக்கு விடையே இருக்காது. அப்படி 'விடை இல்லை' என்று வரும்போது அதைத் தப்பு என்று தள்ளிவிடலாமா?

சென்னையில் படித்த ஓர் இளைஞருக்கு 1930-களில் இந்தக் கேள்வி வந்தது. ஒரு நட்சத்திரத்தின் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தார். ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் போனால் அதற்கு விடை கிடைக்கவில்லை. 'தப்பு கணக்கில் இல்லை, அந்த நட்சத்திரத்தால் நிலைத்து நிற்கவே முடியாது' என்றார் அவர். அவர்தான் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர்.

அது என்ன சமன்பாடு? விடை இருக்கா, இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? விடை இருந்தால் அது போகப்போக எப்படி நடந்துகொள்ளும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'இரண்டாம் வரிசை' என்றால் என்ன?

பேருந்தில் நின்றுகொண்டு போகிறீர்கள். வண்டி ஒரே வேகத்தில் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. டிரைவர் திடீரென பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறோம். சட்டென்று கிளப்பினால் பின்னால் சாய்கிறோம். நம் உடம்புக்கு உறைப்பது வேகம் இல்லை, வேகத்தில் வரும் மாற்றம்.

இதில் மூன்று படிகள் இருக்கின்றன. முதலில், பேருந்து இருக்கும் இடம். அந்த இடம் மாறும் விகிதம்தான் வேகம். அந்த வேகம் மாறும் விகிதம் முடுக்கம். அதாவது மாற்றத்தின் மாற்றம். இந்த இரண்டாவது மாற்றம் வரை பேசுகிற சமன்பாட்டைத்தான் இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு என்கிறார்கள். காலேஜில் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் என்று படித்தது இதைத்தான்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? 1687-ல் வெளிவந்த நூலில் ஐசக் நியூட்டன் சொன்ன இயக்க விதிதான் காரணம். ஒரு பொருள்மீது செயல்படும் விசை அதன் முடுக்கத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் ஊஞ்சல், ஸ்பிரிங், பாலம், கோள், நட்சத்திரம் என எதை எடுத்தாலும், கணக்கு பெரும்பாலும் இரண்டாம் வரிசையில்தான் வந்து நிற்கும்.

ஒரு முக்கியமான விஷயம். இந்த வகைச் சமன்பாட்டுக்கு ஆரம்பத் தகவல் இரண்டு வேண்டும். 'காலை 8 மணிக்குப் பேருந்து தாம்பரத்தில் இருந்தது' என்று மட்டும் சொன்னால், 8.10-க்கு எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. அப்போது எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பதும் தெரிய வேண்டும். ஆரம்ப இடம் ஒன்று, ஆரம்ப வேகம் ஒன்று. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு நகரும்.

குறில், நெடில் கணக்கில் ஒளிந்திருக்கும் வேறுபாட்டுச் சமன்பாடு

எல்லா மாற்றமும் தண்ணீர் மாதிரி தொடர்ந்து ஓடுவதில்லை. வங்கி வட்டி மாதாமாதம் ஏறும். மக்கள்தொகை பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணப்படும். இப்படிப் படிப்படியாகத் தாவும் மாற்றங்களுக்கு இருப்பதுதான் வேறுபாட்டுச் சமன்பாடு. அடுத்த எண்ணைச் சொல்ல முந்தைய இரண்டு எண்கள் தேவைப்பட்டால், அது இரண்டாம் வரிசை.

இதைத் தமிழ் இலக்கணம் படித்தவர்கள் எளிதாகப் பிடித்துக்கொள்ளலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. சரி, மொத்தம் 4 மாத்திரை வரும்படி குறிலையும் நெடிலையும் எத்தனை விதமாக அடுக்கலாம்?

நான்கும் குறிலாக இருந்தால் ஒரு விதம். ஒரு நெடில், இரண்டு குறில் என்றால் நெடில் நிற்கும் இடத்தைப் பொறுத்து 3 விதம். இரண்டும் நெடில் என்றால் ஒரு விதம். மொத்தம் 5.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. கடைசி எழுத்து குறிலாக இருந்தால், அதற்கு முன்னால் 3 மாத்திரை இருக்க வேண்டும். நெடிலாக இருந்தால், முன்னால் 2 மாத்திரை. ஆக, 4 மாத்திரைக்கான விடை என்பது 3 மாத்திரைக்கான விடையையும் 2 மாத்திரைக்கான விடையையும் கூட்டினால் வருவது. 3 + 2 = 5. இப்படியே போனால் 1, 2, 3, 5, 8, 13, 21 என்று நீளும்.

உலகம் இதை ஃபிபோனாச்சி எண்கள் என்று அழைக்கிறது. ஃபிபோனாச்சி இதை எழுதியது 1202-ல். அதற்கு முன்பே, 1150-ஐ ஒட்டிய காலத்தில், சமஸ்கிருத யாப்பில் இதே மாத்திரைக் கணக்கை ஹேமச்சந்திரர் எழுதிவிட்டார். அவருக்கும் முன்னோடி விரஹாங்கர்.

இந்த வகைக் கணக்கில் 'விடை இருக்கா?' என்ற கேள்விக்கு வேலையே இல்லை. முதல் இரண்டு எண்களைக் கொடுத்தால் மூன்றாவது வந்துவிடும். அதிலிருந்து நான்காவது. நிற்கவே நிற்காது. இங்கே கேள்வி, அந்த வரிசை எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான். 8-ஐ 5-ஆல் வகுத்தால் 1.6. 13-ஐ 8-ஆல் வகுத்தால் 1.625. 21-ஐ 13-ஆல் வகுத்தால் சுமார் 1.615. போகப்போக இந்த விகிதம் 1.618-ஐ நெருங்கி நிற்கிறது. எண்கள் எல்லையில்லாமல் வளர்ந்தாலும், வளரும் விகிதம் கட்டுக்குள் இருக்கிறது.

விடை இருக்கா? ஒன்றுதானா?

வகைக்கெழுச் சமன்பாட்டில் இப்படிச் சும்மா கூட்டிக்கொண்டே போக முடியாது. கண் சிமிட்டும் நேரத்துக்குள்ளும் எண்ணற்ற தருணங்கள் இருக்கின்றன. அதனால் 'விடை உண்டு' என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டும்.

19-ம் நூற்றாண்டில் இதைப் பெரிய வேலையாகவே எடுத்துச் செய்தார்கள். சமன்பாட்டின் விதி திடீரென முறியாமல் தொடர்ச்சியாக இருந்தால் ஒரு விடையாவது இருக்கும் என்று காட்டினார் இத்தாலியக் கணிதவியலாளர் பியானோ. அந்த விதி இன்னும் கொஞ்சம் ஒழுங்காக, அளவுக்கு மீறிய செங்குத்து ஏற்றம் இல்லாமல் இருந்தால் விடை ஒன்றே ஒன்றுதான் என்பது பிகார்ட், லிண்டலோஃப் ஆகியோரின் பெயரால் அறியப்படும் தேற்றம்.

விடை ஒன்றுக்கு மேல் இருப்பதற்கு வீட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அடியில் ஓட்டை விழுந்த குடம். தண்ணீர் ஒழுகும் விதியை எழுதினால் அது முதல் வரிசைச் சமன்பாடுதான், இன்னும் எளிது. குடம் நிறைய இருக்கும்போது பார்த்தால், எப்போது காலியாகும் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் காலிக் குடத்தைப் பார்த்து, அது எப்போது காலியானது என்று சொல்ல முடியுமா? 5 நிமிடம் முன்பாக இருக்கலாம், 5 மணி நேரம் முன்பாகவும் இருக்கலாம். இரண்டுமே அதே விதிக்குப் பொருந்தும் விடைகள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆரம்பத்தில் இரண்டு தகவல் தராமல், தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால் நிலைமை மாறிவிடும். வீணைத் தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் கட்டப்பட்டிருக்கிறது, அங்கே அசைவு கிடையாது. இந்த நிபந்தனையோடு தந்தியின் சமன்பாட்டைப் போட்டால், குறிப்பிட்ட சில அதிர்வெண்களுக்கு மட்டும்தான் அதிரும் விடை கிடைக்கும். அடிப்படை அதிர்வெண், அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு... இப்படி. மற்ற அதிர்வெண்களுக்குத் 'தந்தி அசையாமல் கிடக்கிறது' என்பது மட்டுமே விடை.

ஒரு தந்தி ஒரு குறிப்பிட்ட சுரத்தில் ஒலிப்பதற்கு இதுதான் காரணம். விரலால் அழுத்தித் தந்தியின் நீளத்தைக் குறைத்தால் நிபந்தனை மாறுகிறது, விடை மாறுகிறது, சுரமும் மாறுகிறது. இந்த மாதிரிக் கணக்குகளுக்கு 1830-களில் அடித்தளம் போட்டவர்கள் ஸ்டர்ம், லியூவில் என்ற இருவர்.

பியானோ, பிகார்ட் தேற்றங்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவை தரும் உத்தரவாதம் தொடக்கத்துக்குப் பக்கத்தில் மட்டுமே. விடை எவ்வளவு தூரம் போகும், நடுவில் வெடித்துச் சிதறுமா, பூஜ்ஜியத்தைத் தொடுமா என்பதெல்லாம் தனிக் கேள்விகள். நட்சத்திரக் கணக்கில் இந்தக் கேள்விகள்தான் முக்கியமாகப் போகின்றன.

விடை எப்படி நடந்துகொள்ளும்? லண்டன் பாலம் சொன்ன பாடம்

ஒரு ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் மேலும் கீழும் ஆடும். கொஞ்ச நேரத்தில் அடங்கும். காரணம், உராய்வு. இதைத் தணிப்பு என்கிறார்கள்.

- தணிப்பு குறைவாக இருந்தால், ஆடி ஆடி மெல்ல அடங்கும். ஊஞ்சல் அப்படி.
- தணிப்பு மிக அதிகமாக இருந்தால், ஆடாமல் மெதுவாக நகர்ந்து நிற்கும். ஆபீஸ் கதவில் மாட்டியிருக்கும் டோர் குளோசர் அப்படி.
- தணிப்பே இல்லாவிட்டால், ஆடிக்கொண்டே இருக்கும்.
- தணிப்பு எதிர்மறையாகப் போனால், ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும்.

நான்குக்கும் சமன்பாடு ஒன்றுதான். அதில் உள்ள ஒரே ஓர் எண்தான் மாறுகிறது. ஆனால் அந்த எண் பூஜ்ஜியத்தைத் தாண்டினால் விடையின் குணமே தலைகீழாகிவிடும்.

கடைசி வகை புத்தகத்தில் மட்டும் வரும் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் தேம்ஸ் நதிக்கு மேல் மில்லேனியம் நடைபாலம் 2000-ம் ஆண்டு ஜூன் 10-ம் தேதி திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். பாலம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. பாலம் ஆடும்போது விழாமல் இருக்க மக்கள் காலை அகட்டி வைத்து நடந்தார்கள். அந்த நடையே பாலத்தை இன்னும் கொஞ்சம் தள்ளியது. கூட்டம் குறைவாக இருந்தவரை பாலத்தின் சொந்தத் தணிப்பு சமாளித்தது. கூட்டம் ஓர் அளவைத் தாண்டியதும் மொத்தத் தணிப்பு எதிர்மறைக்குப் போனது. ஆட்டம் வளர்ந்தது.

இரண்டே நாளில் பாலம் மூடப்பட்டது. தணிப்பான்கள் பொருத்தி 2002 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். பக்கவாட்டு ஆட்டத்தைக் கட்டுப்படுத்த 37 தணிப்பான்களும், மேலும் கீழுமான அசைவுக்கு 52 எடைத் தணிப்பான்களும் வைக்கப்பட்டன. கணக்குமொழியில் சொன்னால், அந்த ஓர் எண்ணை மறுபடி பூஜ்ஜியத்துக்கு மேலே இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் சொல்வதை அப்படியே நம்பலாமா?

பெரும்பாலான வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குச் சூத்திரமாக விடை எழுத முடியாது. அப்போது நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, படிப்படியாகக் கணக்குப் போடுகிறார்கள். அதாவது வகைக்கெழுச் சமன்பாட்டை வேறுபாட்டுச் சமன்பாடாக மாற்றுகிறார்கள். கம்ப்யூட்டர் செய்வதும் இதையே.

ஒரு முறை போய்த் திரும்ப 6.28 விநாடி எடுக்கும் ஓர் ஊசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு விநாடிக்கு ஒரு படி என்று வெட்டினால், விதி மிக எளிதாக வரும்: இப்போதைய இடத்திலிருந்து முந்தைய இடத்தைக் கழித்தால் அடுத்த இடம். 1, 1 என்று தொடங்குங்கள். 1, 1, 0, −1, −1, 0, 1, 1... ஆறு படிக்கு ஒருமுறை ஆட்டம் திரும்ப வருகிறது. நிஜம் 6.28, கணக்கு 6. மோசமில்லை.

இப்போது படியைப் பெரிதாக்கி, சுமார் 2.24 விநாடிக்கு ஒன்று என்று வைப்போம். விதி மாறுகிறது: இப்போதைய இடத்தை −3-ஆல் பெருக்கி, முந்தையதைக் கழிக்க வேண்டும். அதே 1, 1-ல் தொடங்கினால் 1, 1, −4, 11, −29, 76... ஊசல் சுவரை உடைத்துக்கொண்டு பறக்கிறது! நிஜ ஊசலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாம் வைத்த படிதான் தப்பு. இந்த ஊசலுக்கு 2 விநாடியைத் தாண்டிப் படி வைத்தால், இந்த முறையில் கணக்கு இப்படித்தான் வெடிக்கும்.

படி சரியாக இருந்தாலும் இன்னொரு பொறி இருக்கிறது. மாத்திரைக் கணக்கின் அதே கூட்டல் விதியை, 1, −0.618 என்று தொடங்கி மொபைல் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 0.382, −0.236, 0.146, −0.090, 0.056 என்று எண்கள் சுருங்கிக்கொண்டே வரும். 12-வது எண் −0.002. பூஜ்ஜியத்துக்குப் போய்விட்டது என்று நினைக்கும்போது 0.008, 0.006, 0.014, 0.020, 0.034 என்று மறுபடி வளர ஆரம்பிக்கும்.

காரணம், துல்லியமான தொடக்க எண் −0.6180339... என்று முடிவில்லாமல் நீளும். அதை மூன்று இலக்கத்தில் வெட்டியபோது ஒரு சின்னப் பிழை உள்ளே போனது. சரியான விடை ஒவ்வொரு படியிலும் தேய்கிறது. பிழையோ ஒவ்வொரு படியிலும் 1.618 மடங்கு பெருகுகிறது. கடைசியில் பிழை மட்டுமே மிஞ்சுகிறது. விடை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால்தான், மெஷின் காட்டுவது விடையா, பிழையா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

நட்சத்திரத்துக்கு ஓரம் இருக்கா?

இனி சந்திரசேகரின் கணக்குக்கு வருவோம்.

நட்சத்திரம் என்பது ஓயாத ஓர் இழுபறி. ஈர்ப்பு விசை எல்லாவற்றையும் உள்ளே இழுக்கிறது. அழுத்தம் வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை நட்சத்திரம் நிற்கும். இந்தச் சமநிலையை எழுதினால் ஓர் இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு வரும். அமெரிக்காவின் ஜோனதன் ஹோமர் லேன் 1870-ல் தொடங்கி வைத்தது, ராபர்ட் எம்டன் 1907-ல் விரிவாக எழுதியது. அதனால் லேன்–எம்டன் சமன்பாடு என்று பெயர்.

மையத்தில் தொடங்கி வெளியே நடக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத் தகவல் இரண்டு: மையத்தின் அடர்த்தி ஒன்று, மையத்தில் அடர்த்தி ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்பது இன்னொன்று. வெளியே போகப்போக அடர்த்தி குறையும். எந்த இடத்தில் பூஜ்ஜியம் ஆகிறதோ, அதுதான் நட்சத்திரத்தின் ஓரம். ஆக, 'விடை பூஜ்ஜியத்தைத் தொடுமா?' என்ற கணக்குக் கேள்விக்கு, 'நட்சத்திரத்துக்கு ஓரம் உண்டா?' என்று அர்த்தம்.

பதில், உள்ளே இருக்கும் பொருள் எவ்வளவு எளிதாக நசுங்கும் என்பதைக் காட்டும் ஓர் எண்ணைப் பொறுத்தது. புரிவதற்காக அதை 'நசுங்கும் எண்' என்று வைத்துக்கொள்வோம். சமன்பாட்டுக்கு உரிய அளவுகோலில் ஓரம் வரும் தூரம் இப்படி:

- நசுங்கும் எண் 0: ஓரம் 2.449-ல்
- நசுங்கும் எண் 1: ஓரம் 3.142-ல்
- நசுங்கும் எண் 1.5: ஓரம் 3.654-ல்
- நசுங்கும் எண் 3: ஓரம் 6.897-ல்
- நசுங்கும் எண் 5: ஓரமே கிடையாது. அடர்த்தி குறைந்துகொண்டே போகும், பூஜ்ஜியத்தைத் தொடவே தொடாது.

இதில் 0, 1, 5 ஆகிய மூன்றுக்கு மட்டும்தான் எளிய சூத்திரமாக விடை எழுத முடியும். மற்றவற்றுக்கு விடை உண்டு என்பது உறுதி, ஆனால் படிப்படியாகக் கணக்குப் போட்டுத்தான் எண்ணைப் பெற வேண்டும்.

கப்பல் பயணத்தில் போட்ட கணக்கு

எரிபொருள் தீர்ந்துபோன நட்சத்திரம் சுருங்கி 'வெள்ளைக் குள்ளன்' ஆகிறது. சிரியஸ் நட்சத்திரத்தின் துணையான சிரியஸ்-பி அப்படிப்பட்டது. நிறை ஏறக்குறைய சூரியன் அளவு, பருமன் ஏறக்குறைய பூமி அளவு! எரிபொருளே இல்லாதபோது அதை எது தாங்கி நிற்கிறது? நெருக்கி அடைக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் மேலும் நெருங்க மறுப்பதால் உண்டாகும் அழுத்தம்தான் என்று 1926-ல் விளக்கினார் இங்கிலாந்தின் ஆர்.எச். ஃபவுலர்.

ஃபவுலரின் கணக்கில் நசுங்கும் எண் 1.5. அதன்படி எந்த நிறைக்கும் விடை உண்டு. நிறை கூடினால் நட்சத்திரம் சிறிதாகும். 8 மடங்கு நிறை என்றால் பாதி ஆரம். அவ்வளவுதான். எல்லா நட்சத்திரங்களும் கடைசியில் அமைதியாக வெள்ளைக் குள்ளனாகி ஓய்வெடுக்கலாம் என்பதுபோல் இருந்தது.

சந்திரசேகர் 1910-ல் லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சர் சி.வி. ராமன் அவருக்குச் சித்தப்பா முறை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, 1930 ஜூலை கடைசியில் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அப்போது வயது 19. பயணத்தின்போது ஃபவுலரின் கணக்கைத் திரும்பப் பார்த்தார். ஒரு விஷயம் விட்டுப்போயிருந்தது. நட்சத்திரம் கனமாக ஆக, உள்ளே எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். அப்போது ஐன்ஸ்டீனின் சார்பியலைச் சேர்க்க வேண்டும்.

சேர்த்தார். நசுங்கும் எண் 1.5-லிருந்து 3-ஐ நோக்கி நகர்ந்தது. சரியாக 3-ல் ஒரு விசித்திரம் நடக்கிறது. மையத்தில் எந்த அடர்த்தியை வைத்துத் தொடங்கினாலும் மொத்த நிறை ஒரே எண்ணாக வருகிறது! அடர்த்தியைக் கூட்டிக்கொண்டே போனால் நிறை அந்த எண்ணை நெருங்கும், தாண்டாது. அந்த நிறைக்கு மேல், மையத்தை எவ்வளவு அடர்த்தியாக வைத்தாலும் சமநிலைக்கு விடை இல்லை.

1931-ல் வெளியான கட்டுரையில் இந்த எல்லை சூரியனின் நிறையைப் போல 0.91 மடங்கு என்று வந்தது. அப்போது எடுத்துக்கொண்ட பொருட்கலவை வேறு. இன்றைய புரிதலின்படி சுமார் 1.4 மடங்கு. இதுதான் 'சந்திரசேகர் வரம்பு'. இப்படி ஓர் எல்லை உண்டு என்பதை வில்ஹெல்ம் ஆண்டர்சன், எட்மண்ட் ஸ்டோனர் ஆகியோரும் அதே காலகட்டத்தில் எளிமையான கணக்கின் வழியே எட்டியிருந்தார்கள். நட்சத்திரத்தின் முழு அமைப்பையும் சமன்பாட்டில் வைத்து, விடையின் நடத்தையைக் கடைசிவரை பின்தொடர்ந்தது சந்திரசேகர்.

எடிங்டன் ஏன் ஏற்கவில்லை?

1935 ஜனவரி 11. லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் தன் முழுக் கணக்கையும் முன்வைத்தார். அவருக்கு அடுத்துப் பேச எழுந்தவர் சர் ஆர்தர் எடிங்டன். அன்றைய வானியலின் மிகப் பெரிய பெயர்.

எடிங்டனுக்குக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது நன்றாகவே புரிந்தது. விடை இல்லை என்றால் நட்சத்திரம் சுருங்கிக்கொண்டே போக வேண்டும், ஒருகட்டத்தில் ஒளிகூட வெளியேற முடியாத அளவுக்கு. அவர் அதை அபத்தம் என்றார். ஒரு நட்சத்திரம் இப்படி நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். எலெக்ட்ரான் அழுத்தத்துக்குச் சார்பியலைச் சேர்த்த விதமே தவறு என்றார்.

இருவருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். 'விடை இல்லை' என்று வந்ததும் ஒருவர் சமன்பாட்டைச் சந்தேகித்தார். இன்னொருவர், சமன்பாடு சரியாக இருப்பதால் அந்தப் பதிலை உலகத்தைப் பற்றிய செய்தியாக எடுத்துக்கொண்டார். 24 வயது இளைஞரின் பேச்சு அன்று எடுபடவில்லை. சில பெரிய இயற்பியலாளர்கள் அவர் பக்கம் சரி என்று ஒப்புக்கொண்டாலும், வெளிப்படையாக எடிங்டனை எதிர்த்துப் பேச முன்வரவில்லை.

சந்திரசேகர் சண்டையை நீட்டவில்லை. 1937-ல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1939-ல் நட்சத்திர அமைப்பு பற்றிய புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு, வேறு துறைகளுக்கு நகர்ந்தார்.

பிறகு என்ன ஆனது?

வரம்பைத் தாண்டிய நட்சத்திரம் என்ன ஆகும் என்பதற்கான பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. நியூட்ரான் நட்சத்திரம் என்று ஒன்று இருக்கலாம் என 1934-ல் வால்டர் பாடே, ஃபிரிட்ஸ் ஸ்விக்கி சொன்னார்கள். அதற்கும் ஒரு நிறை எல்லை உண்டு, அதற்கு மேல் அந்தச் சமன்பாட்டுக்கும் விடை இல்லை என்று 1939-ல் ஓப்பன்ஹைமர், வோல்காஃப் காட்டினார்கள். 1967-ல் ஜோசலின் பெல் பல்சர்களைக் கண்டுபிடித்தார். அவை சுழலும் நியூட்ரான் நட்சத்திரங்கள் என்பது விரைவில் உறுதியானது. எடிங்டன் அபத்தம் என்று தள்ளிய அந்தக் கடைசி நிலையைத்தான் இன்று கருந்துளை என்கிறோம்.

1983-ல், 73 வயதில், சந்திரசேகருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. வில்லியம் ஃபவுலர் என்ற அமெரிக்க விஞ்ஞானியுடன் பகிர்ந்துகொண்டார். இவர் வேறு ஃபவுலர். 1999-ல் நாசா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கு 'சந்திரா' என்று பெயர் வைக்கப்பட்டது.

நம்ம சூரியன் என்ன ஆகும்?

பயப்பட ஒன்றுமில்லை. சூரியன் இந்த வரம்புக்குக் கீழே இருக்கிறது. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் எரிபொருள் தீர்ந்து, ஊதிப் பெருத்து, வெளி அடுக்குகளை உதறிவிட்டு வெள்ளைக் குள்ளனாக முடியும். அதன் சமன்பாட்டுக்கு விடை உண்டு.

சூரியனைவிடச் சில மடங்கு பெரிய நட்சத்திரங்களும் வெள்ளைக் குள்ளனாகலாம். வாழ்நாளில் நிறையப் பொருளை அவை வெளியே வீசிவிடும். வரம்பு என்பது கடைசியில் மிஞ்சும் உள்கருவுக்குத்தான்.

சுருக்கமாக...

- இரண்டாம் வரிசைச் சமன்பாடு மாற்றத்தின் மாற்றத்தைப் பேசுகிறது. தொடங்க இரண்டு தகவல் வேண்டும்.
- வேறுபாட்டுச் சமன்பாட்டில் முதல் இரண்டு எண்கள் கிடைத்தால் அடுத்தது வந்துவிடும். அது வளருமா, தேயுமா, ஆடுமா என்பதுதான் கேள்வி.
- வகைக்கெழுச் சமன்பாட்டில் விடை இருக்கிறதா, ஒன்றுதானா, எவ்வளவு தூரம் செல்லும் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.
- ஓர் எண் எல்லையைத் தாண்டினால் விடையின் குணம் மாறும். மில்லேனியம் பாலத்தில் ஆட்டம் வளர்ந்தது அப்படித்தான்.
- கம்ப்யூட்டர் தரும் எண், நாம் வைத்த படியையும் வெட்டிய இலக்கத்தையும் பொறுத்தது.
- விடை இல்லை என்று சரியாக நிரூபித்தால், அதுவும் உலகத்தைப் பற்றிய ஒரு தகவல். சூரியனைப் போல 1.4 மடங்குக்கு மேல் ஒரு வெள்ளைக் குள்ளன் நிலைத்து நிற்காது என்பது அப்படித் தெரிய வந்ததுதான்.